சாணக்கியர் கணக்குக் கேட்கிறார்

புத்தகக் கடைகளுக்குப் போய்வரும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். சென்ற பதினைந்து இருபது வருஷங்களாகச் சாணக்கியருக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. சந்திரகுப்த மௌரியனுக்கு மந்திரியாக இருந்தவர் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் அந்த மகான், இப்போது வியாபார ஸ்தாபனங்களின் முதலாளிகளுக்கும் மானேஜர்களுக்கும் யோசனை சொல்லும் வேலையில் அமர்த்தப்பட்டிருக்கிறார். அட்டையிலே குடுமி, குடுமிக்குப் பின்னால் இருபது மாடிக் கட்டடம், உள்ளே போட்டிக் கம்பெனியை வீழ்த்துவதற்கு வழி. சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கும் நான்கு அத்தியாயங்கள். ராஜ்யத்தின் ஏழு அங்கங்களில் துர்க்கம் என்பது தலைமை ஆபீஸ் என்றும், ஜனபதம் என்பது வாடிக்கைக்காரர் என்றும் வியாக்கியானங்கள் கூடச் செய்திருக்கிறார்கள்!

நம் நாட்டுப் பழைய சாஸ்திரங்களை நம்மவர் தேடிப் படிப்பதில் நமக்குச் சந்தோஷமே. மேல்நாட்டுப் பண்டிதர் சொன்னால்தான் வேதவாக்கு என்று இருந்த காலம் போய்விட்டது நல்லதுதான். ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அர்த்தசாஸ்திரத்தை எடுத்துக் கொண்டவர்களில் பலர், முதலாளியைத் தந்திரசாலி ஆக்குவதற்கு வேண்டிய பகுதிகளையே பொறுக்கி எடுத்துக் கொள்கிறார்கள். முதலாளியையும் அவருடைய ஆட்களையும் கணக்குக்குக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நூலின் சாரம் அந்தப் பகுதியில் தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

அந்த நூல் நம் கைக்கு வந்த கதையே சுவாரஸ்யமானது. பல நூற்றாண்டுகளாக அர்த்தசாஸ்திரம் என்று ஒரு நூல் இருந்தது என்பதைப் பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களிலிருந்து தான் அறிந்திருந்தார்கள். 1905-ஆம் வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர், கிரந்த லிபியில் எழுதிய ஓலைச்சுவடி ஒன்றை மைசூர்க் கீழ்த்திசை நூல்நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே உத்தியோகத்தில் இருந்த ஆர். சாமசாஸ்திரியார் அது இன்னதென்று கண்டுகொண்டார். 1909-இல் மூலம் அச்சேறியது. 1915-இல் அவருடைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்புப் புத்தகமாக வெளிவந்தது. நூல் எந்தக் காலத்தில் இயற்றப்பட்டது, கௌடில்யர் என்பவரும் சாணக்கியரும் ஒருவரேதானா என்பவை பற்றிப் பண்டிதர்கள் இன்றும் வழக்காடிக் கொண்டிருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

சுவடி மைசூருக்கு வந்த மறு வருஷம், 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னையில் அர்பத்னாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரர் கம்பெனி, ஏறக்குறைய நூறு வருஷத்துக் கீர்த்தி, அசைக்க முடியாத மலை என்று ஊரார் நம்பியிருந்தார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பெண்ணின் கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்தவர்கள், விதவைகள், கோயில்கள் எல்லோருடைய பணமும் அதில் இருந்தது. லண்டனில் இருந்த கூட்டாளி ஊகவியாபாரத்தில் தோற்ற தொகை சென்னையில் பணம் போட்டவர்களுக்குத் தெரிய வழியே இல்லாமற் போயிற்று. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்னாட் பின்னர் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் சிறையில் ஒருவர் இருப்பதனால் ஊரார் வீட்டு உலை கொதித்து விடுமா? அந்த வீழ்ச்சியின் சாம்பலிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றியது என்பது மட்டும் நமக்கு ஆறுதல்.

மைசூரில் சாமசாஸ்திரியார் ஓலையைப் புரட்டிக் கொண்டிருந்த அதே நாட்களில் சென்னையில் ஜனங்கள் கம்பெனியின் வாசலில் நின்று கொண்டிருந்தார்கள். அவர்கள் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அந்த ஓலையில் இருந்தன.

அர்த்தசாஸ்திரம் பதினைந்து அதிகரணங்கள் கொண்டது. இரண்டாவது அதிகரணம் அத்யக்ஷர்களின், அதாவது இலாகா அதிகாரிகளின் நடவடிக்கை பற்றியது, நூலிலேயே பெரியது. பொன், நெல், நெசவு, சுங்கம், கப்பல், பசு, யானை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்யக்ஷர். இவர்கள் எல்லோரும் ஆஷாட மாதத்துப் பௌர்ணமியன்று கணக்குச் சாலைக்கு வந்து சேர வேண்டும். கணக்குப் புத்தகங்களும் மீதத் தொகையும் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். வந்தவர்களை ஒருவரோடு ஒருவர் பேசவிடக் கூடாது! பள்ளிப் பிள்ளைகளைப் பரீக்ஷை மண்டபத்தில் உட்கார வைப்பது போல் ராஜ்யத்தின் பெரிய உத்தியோகஸ்தர்களை உட்கார வைக்கச் சொல்கிறார் கௌடில்யர். இரண்டு இலாகாக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசிக் கொண்டால் போதும், உன் வரவும் என் செலவும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குறித்த நாளில் கணக்குடன் வராதவருக்கு ஒரு மாதம் தவணை. அதற்குப் பிறகு மாதத்துக்கு இருநூறு பணம் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

அரசாங்கப் பணத்தைத் திருடுவதற்கு நாற்பது வழிகள் உண்டு என்று அவர் கணக்கிட்டிருப்பது பலரும் அறிந்ததே. அந்த நாற்பதையும் பொறுமையாகப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. முன்பே வந்த தொகையைப் பின்னால் வந்ததாக எழுதிக் கொள்வது, வசூலானதை ஆகவில்லை என்பது, ஆகாததை ஆகிவிட்டது என்பது, ஒருவன் கட்டியதை வேறொருவன் பேரில் வரவு வைப்பது, எடையிலும் அளவிலும் கை வைப்பது என்று போகிறது ஜாபிதா. நம் ஊர் ரேஷன் கடையிலிருந்து பெரிய பாங்கிகள் வரையில் எங்கே மோசடி நடந்தாலும் அது இந்த நாற்பதில் ஏதாவது ஒன்றின் பேரப்பிள்ளையாக இருக்கக் காண்கிறோம். ஹைதராபாத்தில் 2009-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி ஸத்யம் கம்பெனியின் ஸ்தாபகர் தம் கைப்படக் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் காட்டியிருந்த ரொக்கத்திலும் பாங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆகாததை ஆனதாகக் காட்டுவது என்னும் பழைய வித்தைதான் அது. கம்ப்யூட்டர் வந்ததனால் தொகையில் பூஜ்யங்கள் கூடினவே தவிர வித்தை மாறவில்லை.

திருட்டு வெளிப்பட்டால் என்ன செய்வது? பொருளை வாங்கி வைத்தவன், எழுதியவன், பெற்றவன், கொடுத்தவன், கொடுக்கச் சொன்னவன், யோசனை சொன்னவன், உடன் இருந்து உதவியவன் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்கிறார். பிறகு, இந்த உத்தியோகஸ்தனால் நஷ்டமடைந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரில் பறையறைவிக்க வேண்டும். துப்புக் கொடுத்தவனுக்கு, அது மெய்ப்பட்டால், தொகையில் ஆறில் ஒரு பங்கு பரிசு. துப்புக் கொடுத்தவன் அதே இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவனானால் பன்னிரண்டில் ஒரு பங்கு. சின்னக் குமாஸ்தா வாயைத் திறந்தால் வேலை போகும் என்று நடுங்கும் நம் நாளைய ஆபீஸ்களை நினைக்கும்போது, அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பற்றிப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை.

இனி, நாம் மிக முக்கியமென்று கருதும் இடத்துக்கு வருவோம். ஓர் இலாகாவுக்குத் தலைவர்கள் பலர் இருக்க வேண்டும். அவர்கள் அங்கே நிரந்தரமாகவும் இருக்கக்கூடாது என்று கௌடில்யர் விதிக்கிறார். ஒற்றுமையாக இருந்தால் சேர்ந்து தின்று விடுவார்கள், சண்டையிட்டால் வேலையைக் கெடுத்து விடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் நடக்கச் சொல்கிறார்.

இந்த விதியை அலட்சியம் செய்ததனால் விளைந்தது என்ன? லண்டனில் பேரிங்ஸ் என்று ஒரு பாங்கி. 1762-இல் பிறந்தது, அரசர்களுக்குக் கடன் கொடுத்தது. அதன் ஸிங்கப்பூர்க் கிளையில் நிக் லீஸன் என்னும் வாலிபர் ஒருவரே வியாபாரமும் செய்தார். செய்த வியாபாரத்தைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பிரிவுக்கும் அவரே தலைவர். வாங்குபவனும் எழுதுபவனும் ஒருவன்! நஷ்டங்களை 88888 என்ற இலக்கமிட்ட ஒரு கணக்கில் ஒளித்து வைத்தார். 1994-ஆம் வருஷமே பாங்கியின் சொந்தத் தணிக்கையாளர்கள், இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். யாரும் பிரிக்கவில்லை. லாபம் கொண்டு வருகிற பிள்ளையை யார் கோபித்துக் கொள்வார்கள்? 1995 ஜனவரியில் ஜப்பானில் கோபே நகரத்தில் பூகம்பம். பங்கு விலைகள் சரிந்தன. பிப்ரவரி முடிவதற்குள் 82.7 கோடி பவுன் நஷ்டம் வெளியாயிற்று. இருநூற்று முப்பது வருஷத்துப் பாங்கியை டச்சுக்காரர் ஒருபவுன் விலைக்கு வாங்கிக் கொண்டார்கள்.

வெள்ளைக்காரரைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை நமக்கு நீடிக்கவில்லை. 2018-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பஞ்சாப் நேஷனல் பாங்கி ஒரு செய்தி வெளியிட்டது. அதன் பம்பாய்க் கிளையொன்றிலிருந்து, வைர வியாபாரிகளுக்காக, வெளிநாடுகளில் இருந்த பாங்கிக் கிளைகளுக்கு ஜாமீன் கடிதங்கள் வருஷக் கணக்கில் போய்க் கொண்டிருந்தன. அவை பாங்கியின் கணக்கில் ஏறவேயில்லை. கடிதம் அனுப்பும் யந்திரம் வேறு, கணக்கு வைக்கும் யந்திரம் வேறு. இரண்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முதலில் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பின்பு அது 13,000 கோடியையும் தாண்டியது. அந்த இலாகாவில் இருந்த அதிகாரி ஒருவர் 2010 முதல் 2017-இல் ஓய்வு பெறும் வரையில் அதே நாற்காலியில் இருந்தார் என்பது விசாரணையில் தெரிய வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்ற விதி ஏட்டில் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2018 ஜனவரியில், வியாபாரிகளின் ஆட்கள் வழக்கம்போல் இன்னொரு கடிதம் கேட்டு வந்தார்கள். புதிதாக வந்தவர் முழுத் தொகைக்கும் முன்பணம் கேட்டார். இதற்கு முன் கேட்டதில்லையே என்றார்கள். முன்னால் கொடுத்ததற்குப் புத்தகத்தில் அடையாளமே இல்லையே என்று இவர் தேடத் தொடங்கினார். அவ்வளவுதான், மூட்டை அவிழ்ந்தது. நாற்காலியில் ஆள் மாறியதைத் தவிர அதற்கு வேறு சூக்ஷ்மம் எதுவும் தேவைப்படவில்லை.

கௌடில்யர் சொல்லும் இன்னொரு விஷயம் இதைவிட ஆழமானது. வருமானத்தைக் குறைத்துக் கொண்டு வருகிற அதிகாரி ராஜாவின் பொருளைத் தின்கிறான். இது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் வருமானத்தை இரட்டிப்பாக்கிக் கொண்டு வருகிறானே அவன்? அவன் நாட்டைத் தின்கிறவன் என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார். இரட்டிப்பாக்கியவனுக்கு மாலை போட்டு, புகைப்படம் எடுத்து, வெளிநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் அனுப்பும் ஸ்தாபனங்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது. வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மாலையைத் தூக்கக் கூடாது என்பது சாணக்கிய நீதி.

அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ என்னும் பெரிய பாங்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாடிக்கைக்காரரும் எட்டு விதமான கணக்குகள் வைத்துக் கொள்ளும்படி செய்ய வேண்டும் என்பது அதன் குறிக்கோளாக இருந்தது. காலையில் இலக்கு, மத்தியானம் இலக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேள்வி, மாலையில் வசை. சிற்றூழியர்கள் என்ன செய்வார்கள்? வாடிக்கைக்காரருக்குத் தெரியாமலே அவர் பேரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெளியானபோது இருபது லட்சம் போலிக் கணக்குகள் இருக்கலாம் என்றார்கள். மறு வருஷம் முப்பத்தைந்து லட்சம் என்றார்கள். ஆரம்ப அபராதம் 18.5 கோடி டாலர். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக் கொண்டார்கள். இடையில் ஐந்து வருஷ காலத்தில் சுமார் 5,300 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கீழ்ப்படிகளில் இருந்தவர்கள் என்பதையும், இலக்கை வகுத்தவர்கள் வெகு காலம் வரையில் பாராட்டுப் பெற்றுக் கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜனபதத்தைத் தின்றது யார் என்ற கேள்வி அங்கே எழுந்தபோது இலையில் உட்கார்ந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பரிமாறியவர்கள் அகப்பட்டுக் கொண்டார்கள்.

சர்க்கார் சரக்கை விற்கும்போது, கொள்ளை லாபம் வருவதாக இருந்தாலும் அது குடிகளுக்குத் தீங்கு செய்வதானால் விட்டு விட வேண்டும் என்று வாணிப அதிகாரிக்கு அவர் கட்டளையிட்டிருப்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம். உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்குப் பத்து என்று வியாபாரிகளின் லாபத்துக்கும் வரம்பு கட்டியிருக்கிறார். இக்காலத்தில் அந்த விகிதம் நடக்காது. ஆனால் லாபத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்ற எண்ணமே நூதனமாகத் தோன்றும் காலத்தில் அல்லவா இருக்கிறோம்!

சம்பள விஷயம். உயர்ந்த பதவிகளுக்கு 48,000 பணம். கடைசிப் படியில் இருக்கும் பணியாளுக்கு 60 பணம். எண்ணூறு மடங்கு. இதில் சமத்துவம் தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள். கௌடில்யர் அதற்காக எழுதவில்லை. ஆனால் சம்பளச் செலவு மொத்தம் வருமானத்தில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்னார்க்கு இவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும்படி ஜாபிதாவை விரித்து வைத்து விட்டார். நம் நாட்டில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகுதான், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் தங்கள் டைரக்டரின் ஊதியம் நடுத்தர ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. உங்கள் வீட்டில் நாலு பங்கு இருந்தாலும் வருஷ அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். கதைப் பகுதியைவிடச் சுவையாக இருக்கும். மேலும், வேலையில் இருக்கும்போது இறந்தவனுடைய மனைவி மக்களுக்குப் படியும் சம்பளமும் தொடர வேண்டும். அந்தக் குடும்பத்துக் குழந்தைகளையும், முதியவர்களையும், நோயாளிகளையும் ஆதரிக்க வேண்டும். சாவு, நோய், பிரசவம் முதலியவை நேர்ந்தால் பொருளுதவி செய்து மரியாதை காட்ட வேண்டும் என்றும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. சாம தான பேத தண்டம் தெரிந்த முதலாளிகளுக்கு இது தெரிந்திருக்கிறதா என்று அவர்களுடைய குமாஸ்தாக்களைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒற்றர்களை வீடுதோறும் ஏவுவதும், உத்தியோகஸ்தர்களுக்கு ஆசை காட்டி, பயம் காட்டி மறைவில் சோதிப்பதும் ஓர் ஆபீஸில் நடந்தால் அங்கே வேலை நடக்காது. காதுகடிப்பது மட்டும் நடக்கும். பொக்கிஷம் வற்றிப் போனால் திடீரென்று தெய்வம் தோன்றியதாகக் காட்டி ஜனங்களிடம் காணிக்கை வாங்கலாம் என்று அவர் ஓரிடத்தில் சொல்லியிருப்பதை எந்த முதலாளியும் படிக்காமல் இருப்பதே க்ஷேமம். தவிர, ராஜ்யம் வேறு, கம்பெனி வேறு. குடிமகன் ராஜ்யத்தை ராஜிநாமா செய்ய முடியாது. ஊழியன் கம்பெனியை விட்டுப் போகலாம். பங்குதாரன் பங்கை விற்று விடலாம். வாடிக்கைக்காரன் எதிர்க் கடைக்குப் போகலாம். இந்த வித்தியாசத்தை மறந்து, முதலாளியைச் சக்கரவர்த்தி என்று அழைக்கத் தொடங்கினால், அவரும் நம்பிவிடுவார்.

முதலாளி நம்பிவிடாமல் இருப்பதற்குக் கௌடில்யரிடமே மருந்து உண்டு. ராஜாவின் பகலை எட்டுக் கூறு செய்து, முதற் கூற்றில் பாதுகாப்பு விஷயத்தையும் வரவு செலவையும் கேட்க வேண்டும் என்றும், இரண்டாவதில் ஜனங்களின் வழக்குகளைப் பார்க்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறார். தூக்கத்துக்கு அகப்படுவது இரவில் சில மணி நேரந்தான், பாவம்! எளிதில் காண முடியாத அரசனைப் பக்கத்தில் இருப்பவர்கள் தலைகீழாக ஆட்டி வைப்பார்கள் என்று எச்சரிக்கிறார். காட்சிக்கு எளியவனாக இருப்பது அரசனுக்கு அழகு என்று வள்ளுவரும் இறைமாட்சியில் சொல்லி வைத்திருப்பது நமக்குத் தெரிந்ததே.

பாடலிபுத்திரம் தொலைவில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உத்தரமேரூர் வரையில் போய் வரலாம். காஞ்சிபுரம் ஜில்லாவில்தான் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921-ஐ ஒட்டியவை. குடவோலை முறையில் கிராம சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது வேதம் கற்ற அந்தணர்களுக்கு விட்ட கிராமம். நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம். ஆகவே அதை இன்றைய ஜனநாயகம் என்று கொண்டாடுவது மிகை. நாம் சொல்ல வந்தது வேறு. வாரியத்தில் ஒரு முறை இருந்தவருக்கு மூன்று வருஷ இடைவெளி வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய தகப்பனார், மகன், மாமன், மைத்துனன் என்று நீண்ட வரிசையில் உறவினர் எவருமே வர முடியாது!

நம் கம்பெனிச் சட்டத்தில், சுதந்தர டைரக்டர் ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணை இருந்தால், திரும்ப வருவதற்கு முன் மூன்று வருஷம் விலகி நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சட்டத்தை வகுத்தவர்கள் உத்தரமேரூர்ச் சுவரைப் பார்த்திருப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் மூன்று மூன்றாகவே வந்திருக்கிறது. மூன்று வருஷம் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர் ஐந்து வருஷத்துக்குப் பதவிக்கு அருகரல்லர் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2017-ஆம் வருஷம் சர்க்கார் இந்த விதியை எடுத்துப் பிரயோகித்தபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். மைத்துனன்மார்களைச் சட்டம் தொடவில்லை. பல இடங்களில் மறுநாளே அவர்கள் நாற்காலியில் அமர்வதற்குத் தடை ஒன்றும் இல்லை.

அந்தச் சுவரில் கணக்கருக்கும் ஒரு விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே சபையாரிடம் ஒப்புவித்து, குற்றமற்றவன் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். அவன் கணக்கை முடிப்பதற்கு வேறொரு கணக்கனைக் கொண்டு வரக்கூடாது. அர்பத்னாட்டின் வாசலில் 1906-இல் நின்றவர்களில் உத்தரமேரூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் இருந்திருக்கலாம்.